தவணை லாரியும் வாகன மீட்பும்: வடசென்னை வழியே ஒரு வரலாறு

வாகன மீட்பு என்பது, தவணை தவறிய வாகனத்தைக் கடன் கொடுத்த நிறுவனம் தன் வசம் எடுத்துக்கொள்வதைக் குறிக்கும். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இதை 'வண்டியைத் தூக்குவது' என்றும் 'சீஸ் பண்ணுவது' என்றும் சொல்வார்கள். இவ்வேலையைச் செய்பவர்களுக்குச் 'சீசிங் ஆட்கள்' என்று பெயர். இந்திய ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகள் அவர்களை மீட்பு முகவர்கள் என்று குறிப்பிடுகின்றன.

கார், இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர் என எல்லா வகை வாகனங்களும் இன்று இவ்வாறு மீட்கப்படுகின்றன. ஆனால் இந்த முறை தமிழ்நாட்டில் வேரூன்றியது லாரியைச் சுற்றித்தான். கடன் கொடுத்தவர் எந்த உரிமையில் வண்டியை எடுக்கிறார், அந்த உரிமையை எந்த வழியில் நிறைவேற்றலாம் என்ற இரண்டு கேள்விகள் இதில் உள்ளன. முதல் கேள்விக்கு நீதிமன்றங்கள் முன்பே விடை சொல்லிவிட்டன. இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில்தான் சீசிங் தொழில் வளர்ந்தது.

மணலியும் லாரியும்

மணலி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரை ஒட்டி அமைந்த தொழிற்பகுதி. 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, இன்று அதன் இரண்டாவது மண்டலமாக உள்ளது. 1965இல் தொடங்கப்பட்ட சென்னைச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இங்கு இயங்கத் தொடங்கியது. சென்னை உர நிறுவனமும், அதன் பின் பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகளும் அருகிலேயே அமைந்தன. எரிபொருள், உரம், ரசாயனம் ஆகிய மூன்றையும் வெளியே கொண்டுசெல்ல டேங்கர்களும் லாரிகளும் தேவைப்பட்டன.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டபோது டிரெய்லர் லாரிகளின் காலம் தொடங்கியது. பெட்டகங்களைப் பிரித்து அடுக்கும் கிடங்குகள் மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் பெருகின. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன் பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயல்பாட்டுக்கு வந்தன. துறைமுக வாயிலுக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் டிரெய்லர்கள் வரிசையாகக் காத்திருப்பது இப்பகுதியின் வழக்கமான காட்சியானது. சில காலங்களில் இக்காத்திருப்பு நாள்கணக்கிலும் நீண்டது.

இந்த வரிசைக்கும் வாகனக் கடனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு வண்டி மட்டுமே வைத்திருக்கும் உரிமையாளருக்கு வருமானம் நடைக்கணக்கில் வருகிறது. தவணையோ தேதிக்கணக்கில் வருகிறது. வண்டி வரிசையில் நிற்கும் நாள்களில் நடை குறையும், ஆனால் தவணைத் தேதி தள்ளிப்போகாது. டயர், காப்பீடு, தகுதிச் சான்று, ஓட்டுநர் படி ஆகிய செலவுகளும் நிற்பதில்லை. எனவே இரண்டு மூன்று தவணை நிலுவை விழுவதை வைத்து ஒருவரை ஏமாற்றுப் பேர்வழி என்று முடிவுகட்ட முடியாது. சிறு உரிமையாளரின் தொழிலில் அது அடிக்கடி நேரும் ஒன்று.

வாடகைக் கொள்முதலின் தோற்றம்

தவணையில் பொருள் விற்கும் முறையை வாகனங்களுக்கு முன்பே தையல் இயந்திரமும் பியானோவும் பரப்பின. அமெரிக்காவில் சிங்கர் நிறுவனம் 1856 அளவில் தையல் இயந்திரங்களைத் தவணைக்குக் கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் பியானோ வணிகர்கள் இதற்கு ஒரு சட்ட வடிவம் கண்டனர். வாங்குபவர் முதலில் வாடகைக்கு எடுப்பவராகவே கருதப்படுவார். எல்லாத் தவணைகளையும் கட்டி முடித்த பின்னரே பொருள் அவருக்குச் சொந்தமாகும். அதுவரை அது வணிகருடையது. இதுவே வாடகைக் கொள்முதல்.

1895இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஹெல்பி எதிர் மேத்யூஸ் வழக்கில் இம்முறையை உறுதிசெய்தது. தவணைக்கு எடுத்த பியானோவை ஒருவர் அடகு வைத்துவிட்டார். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லாததால் அவர் அதை 'வாங்கியவர்' ஆகவில்லை என்றும், அடகுக் கடைக்காரர் பியானோவை அதன் உரிமையாளரிடம் திருப்பித் தர வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. பொருளைக் கொடுத்தவருக்கு இது பெரும் பாதுகாப்பாக அமைந்தது.

அதே பாதுகாப்பு தவறாகவும் பயன்பட்டது. கடைசிச் சில தவணைகள் மட்டும் மீதமிருக்கையில் பொருளைப் பறித்து, வேறொருவருக்கு மறுபடி விற்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியது. எலன் வில்கின்சன் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் இதற்குத் தடை போட்டது. மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டப்பட்டுவிட்டால், நீதிமன்ற ஆணை இல்லாமல் பொருளைத் திரும்ப எடுக்கக் கூடாது என்றது அச்சட்டம்.

சென்னையில் வாகன நிதி

1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் எண்ணூர் ஆலையில் உருவான லாரிகள் தென்னிந்தியச் சாலைகளை நிரப்பின. ஆனால் ஒரு லாரியின் முழு விலையையும் மொத்தமாகக் கொடுத்து வாங்கக்கூடியவர்கள் குறைவு. அக்கால வங்கிகள் பெரும்பாலும் வணிகர்களுக்கும் ஆலைகளுக்கும் கடன் கொடுத்தன. ஓட்டுநராக இருந்து சொந்த வண்டி வாங்க முயன்றவருக்கு வங்கியின் கதவு எளிதில் திறக்கவில்லை.

இந்த இடத்தை நிரப்பியவை சென்னையின் நிதி நிறுவனங்கள். டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த டி. எஸ். சந்தானம் 1954இல் 2 லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வணிக வாகனங்களுக்குத் தவணைக் கடன் தருவதே அதன் முதன்மைத் தொழில். 1978இல் முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம் நிறுவனமும், 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் நிறுவனமும் உருவாயின. பழைய லாரி வாங்கும் சிறு உரிமையாளர்களுக்குக் கடன் தந்தே ஸ்ரீராம் வளர்ந்தது. இவற்றோடு சவுகார்பேட்டை சேட்டுகளும் நாமக்கல், கரூர், சங்ககிரி போன்ற ஊர்களின் உள்ளூர் பைனான்சியர்களும் இதே தொழிலில் இருந்தனர்.

இந்தக் கடனால்தான் ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் வண்டி உரிமையாளர்களாக ஆனார்கள். கடன் வாங்கியவரிடம் வீடோ நிலமோ ஈடாகக் கேட்கப்படவில்லை, வண்டியே ஈடாக இருந்தது. அதனாலேயே, தவணை நின்றால் வண்டியை எடுக்கும் உரிமை இத்தொழிலின் அடிப்படையாக ஆனது. அந்த உரிமை இல்லாவிட்டால் சொத்தில்லாதவருக்குக் கடன் கிடைத்திருக்காது என்பது நிதி நிறுவனங்களின் வாதம். அதில் உண்மையும் உண்டு.

வண்டி யாருடையது?

இந்தக் கேள்வி முதலில் விற்பனை வரி வழக்குகளாகவே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கே. எல். ஜோஹர் நிறுவனத்தின் வழக்கில், வாடகைக் கொள்முதலில் வாடகை, விற்பனை என இரண்டு கூறுகள் இருப்பதாகவும், வாங்குபவர் தன் விருப்பத்தை நிறைவேற்றும்போதே விற்பனை நிகழ்வதாகவும் நீதிமன்றம் விளக்கியது. சுந்தரம் பைனான்ஸ் எதிர் கேரள அரசு வழக்கில் 1966இல் பெரும்பான்மைத் தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்றது. வாடிக்கையாளர் தானே வண்டியைத் தேர்ந்தெடுத்து, விலைக்குப் போதாத பணத்தை மட்டும் நிறுவனத்திடம் பெறும்போது, தாளில் வாடகைக் கொள்முதல் என்று எழுதியிருந்தாலும் அது உண்மையில் வண்டியை ஈடாக வைத்த கடனே என்றது.

குற்றவியல் வழக்குகள் வேறு திசையில் சென்றன. வண்டியை இழந்தவர்கள் திருட்டு, கொள்ளை என்று புகார் கொடுத்தனர். 1979இல் திரிலோக் சிங் எதிர் சத்ய தேவ் திரிபாதி வழக்கில், லாரியைப் பைனான்சியர் எடுத்தது உரிமையியல் தகராறு என்று கூறி உச்ச நீதிமன்றம் குற்ற நடவடிக்கையை ரத்து செய்தது. 1996இல் கே. ஏ. மத்தாய் வழக்கிலும், 2001இல் சரண்ஜித் சிங் சத்தா வழக்கிலும் இதே நிலை தொடர்ந்தது. ஒப்பந்தப்படி தனக்கு உரிமையான பொருளைத் திரும்ப எடுப்பவரிடம் திருடும் எண்ணம் இல்லை என்பது இத்தீர்ப்புகளின் சாரம்.

இவ்விரு வரிசைத் தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு முரண் தெரியும். வரித்துறை வந்து கேட்டால் அது கடன், கடனாளி வந்து கேட்டால் அது நிறுவனத்தின் சொந்த வண்டி. இரண்டு விடைகளும் அவ்வவ்வழக்கின் சட்டப்படி வந்தவையே. ஆனால் முப்பத்தாறு தவணை கட்டிவிட்டு மிச்சத்தில் தவறியவருக்கு அந்த வண்டியில் என்ன பங்கு என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

நடைமுறைக்கு வராத சட்டம்

அந்தப் பங்கைச் சொல்ல ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இந்தியச் சட்ட ஆணையம் 1961இல் தன் இருபதாவது அறிக்கையில் வாடகைக் கொள்முதலை முறைப்படுத்தப் பரிந்துரைத்தது. 1972இல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டத்தை நிறைவேற்றியது. இங்கிலாந்துச் சட்டத்தைப் போலவே, விலையில் குறிப்பிட்ட பங்கு கட்டப்பட்ட பின் நீதிமன்றத்துக்குச் செல்லாமல் பொருளை எடுக்க அது தடை விதித்தது. மோட்டார் வாகனங்களுக்கு அந்தப் பங்கு தனியாக வகுக்கப்பட்டிருந்தது. எடுப்பதற்கு முன் எழுத்து மூலம் அறிவிப்பு தர வேண்டும் என்பது உட்பட வாடகைதாரரின் உரிமைகளும் அதில் இடம்பெற்றன.

ஆனால் இச்சட்டம் ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை. அமலுக்கு வரும் தேதி அறிவிக்கப்பட்டு, பின் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்துவிட்டு, 2005இல் அது நீக்கப்பட்டது. எண்ணூரிலும் மணலியிலும் லாரிகள் பெருகிய அந்தப் பத்தாண்டுகளில், மீட்பை ஆண்ட விதிகள் பெரும்பாலும் நிறுவனமே அச்சடித்துக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தப் படிவத்தில் இருந்தவைதான்.

மோட்டார் வாகனச் சட்டம் மட்டும் ஒரு பகுதியைத் தொட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51ஆவது பிரிவின்படி பைனான்சியரின் பெயர் பதிவுச் சான்றிதழில் ஏற்றப்படுகிறது. இதையே பேச்சில் 'எச்.பி. போடுவது' என்பார்கள். கடன் முடிந்ததும் நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றுடன் படிவம் 35 கொடுத்து 'எச்.பி. கேன்சல்' செய்ய வேண்டும். தவணை தவறியதால் வண்டியை எடுத்த நிறுவனம், உரிமையாளர் பதிவுச் சான்றிதழைத் தர மறுத்தால் படிவம் 36 வழியே தன் பெயருக்குப் புதிய சான்றிதழ் கேட்கலாம். அப்போதும் பதிவு அதிகாரி உரிமையாளருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வண்டியைச் சாலையில் எப்படி எடுப்பது என்பது பற்றி இப்பிரிவு எதுவும் கூறவில்லை.

வாடகையிலிருந்து கடனுக்கு

1982இல் அரசியலமைப்பின் 46ஆவது திருத்தம், வாடகைக் கொள்முதலில் பொருளை ஒப்படைப்பதையே விற்பனையாகக் கருதி மாநிலங்கள் வரி விதிக்க வழி செய்தது. பிறகு சேவை வரியும் வந்தது. இத்தகைய காரணங்களால் நிறுவனங்கள் மெல்ல வாடகைக் கொள்முதலை விட்டு 'ஹைப்பாதிகேஷன்' முறைக்கு மாறின. இதில் வண்டி முதல் நாளிலிருந்தே வாங்கியவருக்குச் சொந்தம். நிறுவனத்துக்கு அதன் மீது ஈட்டு உரிமை மட்டுமே உண்டு. லாரியின் உடலில் வங்கியின் பெயரோடு இச்சொல் எழுதப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

இம்மாற்றம் சட்டப்படி பெரியது. தன் பொருளைத் தானே எடுக்கிறோம் என்ற பழைய வாதம் இங்கு அப்படியே பொருந்தாது. எடுக்கப்படுவது கடனாளியின் சொத்து. எடுக்கும் அதிகாரம் ஒப்பந்தத்தில் உள்ள மீட்பு விதியிலிருந்து வருகிறது. ஆனால் சாலையில் நடப்பது மாறவில்லை. கடனாளிகளில் பலருக்குத் தங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்றே தெரியாத நிலையும் இருந்தது.

பலம் கூடாது என்ற விதி

2000க்குப் பின் கார், இருசக்கர வாகனக் கடன்களில் பெரிய வங்கிகளும் இறங்கின. வசூல் வேலை வெளி நிறுவனங்களுக்குக் குத்தகையாகப் போனது. எடுத்த வண்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டபோது, எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்பார் இல்லாமல் போயிற்று.

2007 பிப்ரவரியில், ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில் தேவகோட்டையில் பிறந்த நீதிபதி ஏ. ஆர். லட்சுமணனும் நீதிபதி அல்டமாஸ் கபீரும் அடங்கிய அமர்வு இதைக் கடுமையாகக் கண்டித்தது. கடனையோ வாகனத்தையோ மீட்க அடியாட்களை அனுப்ப முடியாது, சட்டம் அனுமதித்த வழியில்தான் செல்ல வேண்டும் என்றது. 2011 நவம்பரில் சிட்டிகார்ப் மாருதி பைனான்ஸ் எதிர் விஜயலட்சுமி வழக்கில், வாடகைக் கொள்முதலாக இருந்தாலும் பலத்தைக் கொண்டு வண்டியை எடுக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கூறியது.

நிறுவனத்தின் பக்கம் நின்ற தீர்ப்புகளும் உண்டு. 2006இல் ஓரிக்ஸ் வழக்கில், ஒப்பந்தம் அனுமதித்தால் நிறுவனம் வண்டியை எடுப்பதைத் தடுக்க முடியாது என்று கூறப்பட்டது. 2020 அக்டோபரில் மக்மா பின்கார்ப் வழக்கில், வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை வரை நிறுவனமே உரிமையாளர் என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயினும் ஒப்பந்தப்படி தர வேண்டிய அறிவிப்பைத் தராதது குறைபாடு என்று சொல்லிச் சிறு இழப்பீடு வழங்கியது. இவை எல்லாவற்றையும் இணைத்தால் கிடைக்கும் நிலை இதுவே: ஒப்பந்தம் இடம் கொடுத்தால் வண்டியை எடுக்கலாம், ஆனால் அமைதியாக எடுக்க வேண்டும், எதிர்ப்பு வந்தால் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவிலும் பொது அமைதி குலையாமல் எடுக்க முடிந்தால் மட்டுமே தானாக மீட்கலாம் என்ற விதி உள்ளது.

ரிசர்வ் வங்கி 2008 ஏப்ரலில் மீட்பு முகவர்கள் பற்றி விரிவான சுற்றறிக்கை வெளியிட்டது. முகவர்களின் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும், அவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்றது. ஒப்பந்தத்தின் மீட்பு விதியில் அறிவிப்புக் காலம், எடுக்கும் முறை, விற்பதற்கு முன் கடனைக் கட்டக் கடைசி வாய்ப்பு, வண்டியைத் திருப்பித் தரும் முறை, ஏல முறை ஆகியவை இருக்க வேண்டும் என்றும் கூறியது. அடுத்த ஆண்டு வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் இது நீட்டிக்கப்பட்டது.

2022 ஆகஸ்ட் 12 அன்று வந்த சுற்றறிக்கை, கடனாளியைக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டவோ பிறர் முன் அவமானப்படுத்தவோ கூடாது என்று கூறியது. அடுத்த மாதம் ஜார்கண்டின் ஹசாரிபாக் மாவட்டத்தில் டிராக்டர் மீட்பின்போது கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தார். இதையடுத்து மகிந்திரா நிதி நிறுவனம் வெளி முகவர்களைக் கொண்டு மீட்பதற்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2023 ஜனவரியில் அத்தடை விலக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம், முகவர்களைக் கொண்டு வலுக்கட்டாயமாக வண்டியைப் பறிப்பது வாழ்வுரிமையையும் வாழ்வாதார உரிமையையும் மீறுவது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பீகாரில் மட்டுமே கட்டுப்படுத்தும், தமிழ்நாட்டு வழக்குகளில் அதை மேற்கோளாக எடுத்துக்காட்டலாம்.

மீட்பு நடைபெறும் முறை

வழக்கமான வரிசை பின்வருமாறு அமைகிறது.

1. தவணை தவறியதும் தொலைபேசி நினைவூட்டலும் நேரடி வசூலும் நடக்கும். 90 நாள்களுக்கு மேல் நிலுவை இருந்தால் அது வாராக் கடனாக வகைப்படுத்தப்படும்.
2. முழுக் கடனையும் கட்டுமாறு எழுத்து மூலம் அறிவிப்பு வரும். ஜாமீன் போட்டவருக்கும் இது அனுப்பப்படும்.
3. நிறுவனம் ஒரு முகமைக்கு அதிகாரக் கடிதம் தரும். மீட்புக்கு முன்னும் பின்னும் அப்பகுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம் கொடுப்பது வழக்கம். இது வெறும் தகவல் மட்டுமே. காவல் துறை அனுமதி அளித்ததாக ஆகாது.
4. வண்டி எடுக்கப்பட்டால், அதிலுள்ள பொருள்கள், டயர், பேட்டரி, கிலோமீட்டர் அளவு ஆகியவை பட்டியலிடப்பட்டுக் கையெழுத்து பெறப்பட வேண்டும். பின் வண்டி 'யார்டு' எனப்படும் காப்பிடத்துக்குச் செல்லும்.
5. விற்பதற்கு முன் கடைசி அறிவிப்பு வரும். அக்காலத்துக்குள் நிலுவையைக் கட்டி வண்டியை மீட்கலாம்.
6. ஏலத்தொகை கடனில் கழிக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, செலவுகள் உட்பட 6 லட்சம் ரூபாய் பாக்கி இருக்கும் லாரி 7 லட்சத்துக்கு விற்றால், மிச்சம் 1 லட்சம் கடனாளிக்குச் சேர வேண்டும். 4.5 லட்சத்துக்கு மட்டும் விற்றால், மீதி 1.5 லட்சத்துக்கு நிறுவனம் அவர் மீதும் ஜாமீன்தாரர் மீதும் வழக்குத் தொடரலாம். வண்டி போனால் கடனும் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. அதனால் ஏலம் எந்த விலைக்குப் போனது என்ற கணக்கை எழுத்தில் கேட்டுப் பெறுவது கடனாளிக்கு முக்கியம்.

முகவர் செய்யக்கூடியவையும் கூடாதவையும்

முகவர் என்பவர் ஒரு தனி ஆள். காவலருக்கு உள்ள அதிகாரம் எதுவும் அவருக்கு இல்லை. அவர் அடையாள அட்டையைக் காட்டி, நிலுவையைச் சொல்லி, வண்டியை ஒப்படைக்குமாறு கேட்கலாம். உரிமையாளரோ அவர் சார்பில் இருப்பவரோ இசைந்தால் பட்டியல் எழுதி எடுத்துச் செல்லலாம்.

ஓடும் லாரியைக் குறுக்கே வண்டி நிறுத்தி மறித்தால் அது சட்டவிரோதத் தடுப்பு என்னும் குற்றம். சாவியைப் பிடுங்குவது, ஓட்டுநரை இறக்கிவிடுவது, தாக்குவது, பூட்டிய வளாகத்துக்குள் நுழைவது, குடும்பத்தாரை மிரட்டுவது ஆகியவையும் குற்றங்களே. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் இவற்றுக்குக் கடனாளி சம்மதித்தார் என்று ஆகாது. முகவர் செய்த தவறுக்கு அவரை அனுப்பிய வங்கியோ நிறுவனமோ பொறுப்பேற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு.

மணலிப் பகுதியில் சரக்கு பற்றிய கேள்வியும் எழுகிறது. டிரெய்லரின் மேல் இருக்கும் பெட்டகம் லாரிக்காரருடையது அல்ல, அதற்குள் இருக்கும் சரக்கு மூன்றாம் நபருடையது. கடன் நிறுவனத்தின் உரிமை வண்டியோடு முடிகிறது. டேங்கரில் எரிபொருளோ ரசாயனமோ இருந்தால் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஓட்டுநரும் பெரும்பாலும் கடனாளி அல்லர், கூலிக்கு வந்தவர். தன் பெயரில் இல்லாத கடனுக்காக நடுச்சாலையில் ஆபத்தை முதலில் சந்திப்பவர் அவரே.

வண்டியை எடுத்த முகவர்களும் பெரும்பாலும் நிலையான சம்பளம் இல்லாதவர்கள். பிடித்த வண்டிக்கே கூலி என்பதால் நிலுவை வண்டிகளின் எண்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு சுங்கச்சாவடிகளிலும் சாலையோரங்களிலும் காத்திருக்கின்றனர். கூலி முறை அப்படி இருக்கும்வரை, பொறுமையாகப் பேசித் திரும்புபவருக்கு அன்றைய வருமானம் இல்லை.

நீதிமன்ற வழி

பலம் இல்லாமல் எடுக்க முடியாதபோது நிறுவனங்களுக்குச் சட்டத்தில் வழிகள் உள்ளன. 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின்படி வங்கிகள் 60 நாள் அறிவிப்புக்குப் பின் ஈட்டுச் சொத்தை எடுக்கலாம், தேவையானால் நீதித்துறை நடுவரின் உதவியைக் கேட்கலாம். வங்கிசாரா நிறுவனங்களுக்கு இதில் கடன் தொகை அளவிலான வரம்பு உண்டு. 2021இல் அது 20 லட்சம் ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

சென்னை நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் வழி நடுவர் மன்றம். 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினால், வண்டியை எடுக்க வழக்கறிஞர் ஒருவர் ஆணையராக நியமிக்கப்படுவார். ஆணையர் நீதிமன்ற ஆணையுடன் வருவதால், தேவைப்பட்டால் காவல் துறையின் உதவியும் கிடைக்கும். சீசிங் ஆளுக்கும் ஆணையருக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது வண்டி உரிமையாளருக்கு மிக அவசியம். ஆணையரைத் தடுத்தால் நீதிமன்ற ஆணையைத் தடுத்ததாகும்.

நடுவரை நிறுவனமே தனியாக நியமித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2015ஆம் ஆண்டின் சட்டத்திருத்தமும், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்பும் இதற்கு முடிவு கட்டின. வழக்கில் நலன் உள்ளவர் தனி நடுவரைத் தாமே நியமிக்க இயலாது என்று அத்தீர்ப்பு கூறியது.

கடனாளிக்கு உள்ள வழிகள்

வன்முறை நடந்தால் காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். விதிமீறலுக்கு முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிட்டால், 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணமின்றி மனு செய்யலாம். ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகம் துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில்தான் உள்ளது. அறிவிப்பு இல்லாத மீட்புக்கும் குறைந்த விலை ஏலத்துக்கும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

பதிவு பெறாத தண்டல்காரர்களிடம் வாங்கிய கடன் வேறு வகையானது. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றுக்கு எதிராகத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டம் இயற்றியது. கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்க 2025இல் சட்டமன்றம் மேலும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது.

2020இல் கொரோனா பொதுமுடக்கத்தின்போது, மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி மட்டும் தொடர்ந்து ஏறியது. வாகனக் கடனின் வரலாற்றில், வருமானம் நின்றால் தவணையும் நிற்கலாம் என்று நாடு முழுவதற்குமாக ஒப்புக்கொள்ளப்பட்ட அரிய காலம் அது. துறைமுக வரிசையில் இழக்கும் நாள்களுக்கு அத்தகைய பொது ஏற்பாடு எதுவும் இல்லை. தவணை தவறப்போகிறது என்று தெரிந்ததும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, தவணையை மாற்றி அமைத்துக்கொள்வதே சிறு உரிமையாளருக்கு இப்போதுள்ள வழி. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தர முயன்ற பாதுகாப்பை, அதாவது விலையின் பெரும்பகுதியைக் கட்டியவரின் வண்டியை நீதிமன்றம் வழியாக மட்டுமே எடுக்க வேண்டும் என்ற விதியை, அதன் பின் வந்த எந்தச் சட்டமும் இந்தியா முழுவதற்குமாகக் கொண்டுவரவில்லை.